கேட்டால் மட்டும் அழுத்துங்கள்

அத்தா,

போன மாதம் ஒரு பெண் என் காதுக்குள் பஞ்சு வைத்தாள். மிகச் சின்ன உருண்டை. அதில் கட்டிய நூல் ஒன்று வெளியே தொங்கியது. காது கேட்கும் மிஷினுக்காகக் காதின் அச்சு எடுக்க ஊற்றும் பசை உள்ளே செவிப்பறைவரை போய்விடாமல் அது தடுக்குமாம். பஞ்சு காதைத் தொட்டதும் நான் மூச்சை இழுத்தேன். அத்தர் வாசனை வரும் என்று மூக்கு தானாகக் காத்திருந்தது. வரவில்லை. ஸ்பிரிட்டும் பசையின் ரப்பர் நெடியும்தான் வந்தன. பசை குளிர்ச்சியாக உள்ளே இறங்கி, அந்தக் காதில் உலகம் மொத்தமாக அடைபட்டது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அடைப்புக்குள் உங்களைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும் ஆண்கள் அத்தரில் நனைத்த பஞ்சைக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்வது நம் தெருவில் புதிதில்லை. நீங்கள் எல்லாக் கிழமையும் செருகினீர்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு, அவர் வந்து தோளைத் தொடும்வரை திரும்பாவிட்டால், காதைக் காட்டிச் சிரிப்பீர்கள். "பஞ்சு இருக்குல்லங்க, அதான்." மடிப்பில் செருகிய துளிப் பஞ்சு எப்படிக் காதை அடைக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு அழகான சிரிப்பு அது. நானும் கேட்டதில்லை.

டவுன்ஹால் பக்கம் இருந்த நம் துணிக்கடையிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். சட்டைத்துணி கேட்டு வருபவரை, பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல்வரை கூட்டி வருவீர்கள். "டியூப் லைட்ல கலர் ஏமாத்துமுங்க. வெளிச்சத்துக்கு வந்து பாருங்க." அதற்காகவே உங்களை நம்பினார்கள். தாராபுரத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த குடும்பம் ஒன்று அடுத்த முறை இன்னொரு குடும்பத்தையும் கூட்டி வந்தது. "இந்த பாய் ஏமாத்த மாட்டாருங்க. வெளிய கொண்டாந்து காட்டிப்போட்டுத்தான் வெட்டுவாரு" என்று அந்த அம்மா சொன்னபோது நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. அவர்கள் வெளிச்சத்தில் துணியைப் பார்த்தார்கள், நீங்கள் அவர்களுடைய உதட்டைப் பார்த்தீர்கள் என்பது இந்த வருடம்தான் புரிந்தது. நானும் அதைச் செய்துகொண்டிருந்ததால் புரிந்தது.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன் ஆனது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்மூடியபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவுக்கு வருபவர்கள் மணிக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியாக மிஷினுக்குப் போய், சுத்தமாகி, உடம்புக்குத் திரும்பும். குழாய் மடங்கினாலும், காற்று புகுந்தாலும், அழுத்தம் ஏறினாலும் மிஷின் கூவும். மெல்லிய, ஊசிபோன்ற சத்தம். கூடவே உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். அந்தச் சத்தத்துக்கு ஓடுவதுதான் என் வேலையில் பாதி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எல்லா மிஷின்களும் கண்ணில் படுகிற ஜன்னலோர மூலையை என் இடமாக்கிக்கொண்டேன். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். மற்றவர்கள் சத்தத்துக்குத் திரும்பினார்கள். நான் விளக்குக்குத் திரும்பினேன். வித்தியாசம் எனக்கே தெரியவில்லை.

ஒரு மதியம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அடுத்தவருக்கான குழாய்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கட்டில் கம்பியை யாரோ தட்டுவது கேட்டது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும் வாழைத்தோட்டக்காரர், ஊசி குத்தாத கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, எத்தன நேரமா இது கத்திட்டுக் கெடக்குது. காதுல பஞ்சா வெச்சிருக்கறே?"

அவர் கையை மடக்கியதில் குழாய் நசுங்கி, பம்பு நின்றுபோயிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்திருக்கும். நிமிர்த்திவிட்டேன், மறுபடி ஓடத் தொடங்கியது, ஒன்றும் ஆகவில்லை. அவர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கய்யா, பஞ்சுதான்" என்றேன்.

சிரிக்கவும் செய்தேன். அது யாருடைய சிரிப்பு என்பது பிறகு உறைத்தது. ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேலைநேரம் முழுவதும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது மற்றவர்களின் மிஷின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அது கூவிக்கொண்டிருக்கலாம். குனிந்தால் பயம், தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பயம். வீட்டுக்கு வந்தால் இன்னொரு பயம். சின்ன வயதிலிருந்து கூட்டத்தில் ஒதுங்கிப் புத்தகத்தோடு உட்காரும் பெண் நான். "புத்தகம் கெடைச்சா போதும், கூப்பிட்டாக்கூடக் கேக்காது" என்று அம்மா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். படிப்பில் எனக்கு இருந்த ஆசை உண்மைதானா, யாரும் எதையும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லாத ஒரே இடம் அது என்பதால் போய் ஒளிந்துகொண்டேனா என்று இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. படித்த பக்கங்கள் எல்லாவற்றின் மேலும் அந்தக் கேள்வி விழுந்தது.

காதைப் பரிசோதிக்கப் போனபோது அம்மாவும் வந்தார். பரிசோதிக்கும் பெண் என்னைவிடச் சின்னவளாக இருப்பாள்.

"வீட்டுல வேற யாருக்காச்சும் காது கேக்காம இருந்துச்சுங்களா?"

"யாருக்கும் இல்லைங்கம்மா" என்றார் அம்மா, கேள்வி முடிவதற்குள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தார்.

"இவ அத்தாவுக்குக் கொஞ்சம் மந்தம். அது வயசானா வர்றதுதானுங்க."

"அப்ப அவருக்கு என்ன வயசுங்க?"

ஜிப் திறந்து மூடியது.

"நாப்பதுகூட ஆகலைங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் இது விழக்கூடாது. ஒரு வீட்டில் இப்படி இருக்கிறது என்றால் பிள்ளைகளுக்கும் வரும் என்பார்கள். வரலாம் என்பதுதானே என் பயமும்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தாள். காதை மூடும் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். கதவு சாத்தியதும் வந்த அமைதி மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. நெஞ்சு அடிப்பது கேட்டது. முதலில் சில சத்தங்கள் தெளிவாக வந்தன, அழுத்தினேன். அப்புறம் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் அவள் எனக்காக எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள், நான் மரம்போல உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றத் தோன்ற வியர்த்தது. வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அழுத்தினேன். இன்னொரு முறை அழுத்தினேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள். திட்டவில்லை. என் முன்னால் வந்து நின்று, உதடு தெரியும்படி சொன்னாள்.

"கேட்டா மட்டும் அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. எனக்கு அதுவும் வேணுமுங்க."

உங்களை இதே மாதிரி ஓர் அறைக்குக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா, அத்தா? பள்ளி விடுமுறை என்று நானும் வந்திருந்தேன். உங்களைக் கண்ணாடிக்கு எதிரே உட்காரவைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினின் குமிழைத் திருப்புவது உங்களுக்குத் தெரிந்தது. அவள் தோள் அசையும் ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கினீர்கள். வெளியே வந்ததும் என்னிடம், "பாவம் அந்தப் புள்ள, எவ்வளவு நேரம் மெனக்கெடுது. நாம பேசாம உக்காந்திருந்தா சங்கடப்படாதா?" என்றீர்கள். ஏதோ பந்தியில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரி திருப்தி உங்கள் முகத்தில். உங்களுக்குக் குறை கொஞ்சம்தான் என்று தாளில் வந்தது. அதற்கேற்ற மிஷினைக் கொடுத்தார்கள். அது உங்களுக்குக் கொசு பறக்கிற அளவுகூடச் சத்தம் தரவில்லை. நன்றாகக் கேட்கிறது என்று அவர்களிடம் சொன்னீர்கள். பிறகு அது பெட்டியிலேயே இருந்தது. நம் ஊரில் ஒருவர் எதைக் கேட்டாலும் "செரிங்க" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். சத்தமே வராதபோதும் "செரிங்க" சொல்லிவிட்டு வந்தீர்கள்.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வராதபோது வரவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம் உட்கார வேண்டியிருந்தது.

முடிந்ததும் ஒரு கட்டம்போட்ட தாளைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு பள்ளத்தில் விழுந்தது. இரண்டு காதுக்கும் அதே பள்ளம். "பஸ், மிக்ஸி, ஆம்பளைங்க பேச்சு, இதெல்லாம் கேக்கும். இங்க இருந்து போயிடுச்சுங்க. கொழந்தைங்க பேச்சு, குருவி, மிஷின் அலாரம் மாதிரி சத்தமெல்லாம்." அலாரம் என்ற சொல் மட்டும் தனியாகக் கேட்டது. உள்காது நரம்பின் குறை, மருந்தோ ஆபரேஷனோ இல்லை என்றாள்.

"இன்னும் குறையுங்களா?"

"குறையலாமுங்க. எவ்வளவு வேகமான்னு சொல்ல முடியாது. வருசா வருசம் பார்க்கணும்."

அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

காதுக்குள்ளேயே மறைந்துவிடும் சின்ன மிஷினைத்தான் அம்மா உடனே கேட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள்: அது சின்னது, இவ்வளவு பள்ளத்துக்கு அதன் பலம் போதாது, காது இன்னும் குறைந்தால் ஏற்றிக்கொள்ளவும் இடமில்லை. காதின் பின்னால் உட்கார்ந்து, குழாய் வழியாக அச்சுக்குள் சத்தத்தை அனுப்புவதுதான் எனக்குச் சரி.

"செரி, அதுவே இருக்கட்டும். முக்காட்டுக்குள்ள மறைஞ்சிருமில்லம்மா?" அம்மாவின் குரலில் பெரிய நிம்மதி.

போட்டுப் பார்த்தோம். ஷாலைத் தலையில் இழுத்ததும் காதுக்குள் யாரோ சருகை அள்ளிக் கசக்குவது போலச் சத்தம். தலையை அசைத்தால் கசக்கல், மூச்சு விட்டால் கசக்கல். மிஷினின் மைக் காதுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதன்மேல் துணி உரசுகிறது. அந்தக் கசக்கலுக்குள் அம்மாவின் பேச்சும் காணாமல்போனது. காதை வெளியே விட்டுத் துணியைப் பின்னால் கட்டினால்தான் சரிவரும் என்றாள் அந்தப் பெண். மறைத்துக்கொள்ள என்று எங்களிடம் இருந்த ஒன்றே ஒன்றும் உதவவில்லை.

ஆட்டோவில் அம்மா என் பக்கம் திரும்பிப் பேசினார். நான் உதட்டைப் பார்ப்பேன் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

"காலம் பூரா போட்டுக்கோ. நான் வேணாம்னா சொல்றேன்? நிக்காஹ் முடியட்டும்."

"அதுக்குள்ள வேலையில யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"வேலைய விட்டுரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? ஊட்டுல இரு."

நீங்கள் ஒவ்வொன்றாக விட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் போனை விட்டீர்கள். பிறகு டீக்கடைப் பேச்சை. பிறகு கல்யாண வீடுகளில் ஆண்கள் பக்கம் உட்காருவதை விட்டு, சமைக்கிற இடத்தில் போய் நின்றீர்கள். கடையை விற்றபோது மூட்டுவலி என்றீர்கள். கடைசியில் வீட்டுக்கூடத்தில் எல்லோரும் சிரித்து ஓய்கிற நேரத்தில், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் சிரிக்க ஆரம்பிப்பீர்கள். அந்தச் சின்னத் தாமதம்தான், அத்தா. அதற்குத்தான் பயந்தேன். சாவைவிட அதற்கு. நான் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போய், ஒரு கூடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பின்னால் சிரிப்பதை என்னால் பார்க்க முடிந்தது.

"நீ என்ன நினைக்கிறேன்னு தெரியும்" என்றார் அம்மா. "அவரு மாதிரி நீ ஆக மாட்டே."

"நான் அவரு மாதிரிதாம்மா. காது அவரோடது."

மறுவாரம் அச்செடுக்கத் தனியாகப் போனேன். அந்தப் பஞ்சும் பசையும் அன்றுதான். திரும்பி வந்தபோது அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என் வேலைக்கான வெள்ளைத் தலைத்துணியில் இரண்டு பக்கமும் காது வெளியே வரத் திறப்பு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெருவுல போகும்போது மேல ஒரு ஷாலப் போட்டுக்கோ" என்றார். பிறகு, "பிசிறு குத்துதான்னு போட்டுப் பாரு."

மிஷினைப் பொருத்திய நாளில் முதலில் கேட்டது என் குரல். "கேக்குதுங்களா?" என்று அவள் கேட்க, "கேக்குதுங்க" என்றேன், திடுக்கிட்டு நிறுத்தினேன். பானைக்குள்ளிருந்து யாரோ பேசியது போல இருந்தது. போகப்போகப் பழகும் என்றாள். பழகியது. என் குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது, நுனியில் கொஞ்சம் கீச்சென்றது. உங்களுக்குக் கேட்காமல்போன பள்ளத்துக்குள்தான் அது முழுவதும் இருக்கிறது. நான் வளர்ந்த பிறகு பேசிய எதையும் நீங்கள் என் குரலாகக் கேட்டிருக்க முடியாது. உதட்டசைவாகத்தான் உங்களுக்கு நான் இருந்திருக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போய் இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் நின்றேன்.

"எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க சிஸ்டர். ரெண்டு காதும். மிஷின் போட்டிருக்கேன்."

எத்தனையோ ஒத்திகை பார்த்த வாக்கியம். நம் வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாதது.

சிஸ்டர் என் காதையும் தலைத்துணியையும் பார்த்தார். "அன்னிக்குக் கோபிக்காரருக்கு லைன் மடங்கினப்ப?"

"எனக்குக் கேக்கலைங்க."

"உன்ன நம்பித்தான் நான் சாப்பிடப் போறேன், தெரியுமா? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" கோபம் அவர் முகத்தில் மெதுவாக ஏறியது. நாற்காலியிலிருந்து எழுந்தார். "வா."

தண்ணீர் சுத்திகரிக்கும் அறை எப்போதும் இரையும். அதன் கதவோரமாக, சுவரைப் பார்த்து என்னை நிற்கச் சொன்னார். ஆள் இல்லாத மிஷின்களில் ஏதாவது ஒன்றில் அலாரத்தை வரவைப்பார். கேட்டால் கையைத் தூக்கி எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அலுவலகத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்றார். எல்லாப் படுக்கைகளிலும் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

"என்னங்க சிஸ்டர், அம்மணிக்குப் பரீச்சையா?" என்றார் வாழைத்தோட்டக்காரர்.

"சத்தம் போடாம படுங்க அய்யா."

சுவரில் டைல்ஸ் பளபளத்தது. அதில் சிவப்பு விளக்கின் பிம்பம் தெரியும் என்பது நின்ற பிறகு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் அறையின் இரைச்சல், ஏசியின் உறுமல், யாரோ இருமினார். மிஷின் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அள்ளிக் காதில் கொட்டியது. அவற்றுக்கு நடுவே எதுவும் இல்லை. இன்னும் இல்லை. சிஸ்டர் அழுத்தியிருப்பார், எனக்கு வரவில்லை என்று தோன்றியது. கை தானாக எழப் பார்த்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். அத்தா, அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் அதற்குள்தான் நின்றிருப்பீர்கள், வாயில் சிரிப்போடு.

பிறகு வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தகரத்தில் ஆணியால் கீறுவது போல, மெல்லிசாக, இடப்பக்கம் கடைசியில். கையைத் தூக்கி இடப்பக்கம் காட்டினேன். மறுபடி வெறும் இரைச்சல். மறுபடி கீறல், இப்போது பின்னால் நேராக. காட்டினேன். இப்படியே சில முறை. ஒருமுறை திசை தவறியது. சத்தம் தவறவில்லை.

சிஸ்டர் பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று பேசினார். "டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கொஞ்ச நாளைக்குத் தனியா நிக்க வேண்டாம், இன்னொருத்தர் கூட இருக்கட்டும். பேட்டரி தீந்துபோனா அப்பவே சொல்லணும்." போகிறபோது திரும்பி, "தைச்சது யாரு? நல்லா இருக்கு" என்றார்.

இப்போதும் பயந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அடுத்த வருடம் அந்தத் தாளில் கோடு எங்கே விழும் என்று தெரியாது. அம்மா யாரிடமோ தாழ்ந்த குரலில் போனில் பேசுகிறார், இப்போது எனக்குக் கேட்கிறது என்பதை மறந்துவிட்டு. உங்களிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பள்ளம், அதில் நின்றுகொண்டு பழகிய இந்தப் பயம். இரண்டையும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடக்கிறேன். யாராவது பேசி எனக்குப் புரியாவிட்டால் "செரிங்க" என்று சொல்வதில்லை. "மறுபடி சொல்லுங்க" என்கிறேன். ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று மதியம் எல்லோரும் அசந்திருந்த நேரத்தில் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. வலியோ என்று பதறிக் காதைக் கொடுத்தேன். வாழைத்தோட்டக்காரர் பாடிக்கொண்டிருந்தார். உதடு அசையாத, மூக்குக்குள் மெல்லிய கீச்சுக்குரலில் பாடுகிற பாட்டு. மிஷின் போடும்வரை அது எனக்கு வந்ததே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் பழகிப்போயிருக்கும், அவர் வந்த நாளிலிருந்து பாடியிருப்பார். நான் திரும்பினால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார் என்று, அலமாரியைப் பார்த்தபடியே நின்றேன்.